கண்ணுக்குத் தெரியாத வாத்தியக் குழு

மேலை நாட்டு இசை நாடகத்தை ஆபரா என்பர். அதில் பாத்திரங்கள் பெரும்பாலும் பாடியே பேசுகின்றன. மரபான ஆபராவில் பாடகருக்கு ஒலிபெருக்கி கிடையாது. ஏறத்தாழ 100 வாத்தியங்கள் முழங்கும்போது ஒரு தனி மனிதக் குரல் கடைசி வரிசை வரை எட்டியாக வேண்டும். இது எப்படி இயலுகிறது? விடையின் ஒரு பாதி பாடகரின் தொண்டையில் இருக்கிறது. மறு பாதி, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமரும் பள்ளத்தில் இருக்கிறது.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் விநாடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டி மிகுந்தும், அதற்கு மேலே போகப்போகக் குறைந்தும் காணப்படுகிறது. பயிற்சி பெற்ற பாடகரின் குரலிலோ 3,000 அதிர்வுகளை ஒட்டி ஒரு தனி வலிமை உண்டு. வாத்தியங்கள் நலிந்திருக்கும் இடத்தில் குரல் ஓங்கி நிற்கிறது.

இனிப் பள்ளத்துக்கு வருவோம். 100 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். 3,000 அதிர்வுகள் கொண்டதற்கோ 11 சென்டிமீட்டர்தான். நீண்ட அலை தடுப்பைச் சுற்றி வளைந்து வந்துவிடும். குறுகிய அலைக்கு அது எளிதன்று. மதிலுக்கு அப்பால் மேளம் போகும்போது அடித்தொனி மட்டும் தெளிவாகக் கேட்பது இதனால்தான். பள்ளத்தின் விளிம்பும் அத்தகைய மதிலே. வாத்தியங்களின் கூர்மையான ஒலியை அது மழுக்குகிறது; மேடை மேல் நிற்கும் பாடகருக்கு அத்தடை இல்லை.

இந்த உண்மையை எல்லை வரை கொண்டு சென்றவர் ஜெர்மானிய இசைமேதை வாக்னர். பவேரியாவில் உள்ள பைராய்த் நகரில் தம் நாடகங்களுக்கென்றே ஓர் அரங்கம் கட்ட முனைந்தார். புரவலர் பத்திரம் ஒன்று 300 தாலர் வீதம் 1,000 பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டுவது திட்டம். 1872-இல் அடிக்கல் நாட்டினார். பத்திரங்கள் போதிய அளவு விற்கவில்லை. 1874-இல் மன்னர் இரண்டாம் லுட்விக் 1,00,000 தாலர் கடன் தந்திராவிட்டால் வேலை நின்றே போயிருக்கும். 1876-இல் அரங்கம் திறக்கப்பட்டது. கட்டடத்தில் ஆடம்பரம் குறைவு. புதுமை பள்ளத்தில்தான் இருந்தது.

அப்பள்ளம் மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்குகிறது. மேற்படிகளில் வயலின் இனத்தவை. ஆழத்தில் பித்தளைக் குழல்களும் முரசுகளும். மேலே வளைந்த மூடி ஒன்று உண்டு. ஒலி மூடியில் பட்டு மேடைக்குச் சென்று, பாடகரின் குரலோடு கலந்து, பின்னரே அவைக்கு வருகிறது. இசை நடத்துநர் உட்பட எவரும் அவையோருக்குத் தெரியார். கோடையில் விழா நடக்கும்போது வாத்தியக்காரர்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கலாம், கேட்பாரில்லை!

ஆனால் அவைக்கு மென்மையாக வரும் அதே ஒலி, பள்ளத்துக்குள் அடைபட்டவர்களுக்கு மென்மையாக இருக்குமா? நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது செவிக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். எனவே பொறுக்கத் தக்க நேரம் பாதியாகக் குறையும். 91 டெசிபலுக்கு 2 மணி நேரமே. லண்டன் ராயல் ஆபரா அரங்கில் 2012-இல் வாக்னரின் நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை நடந்தது. பித்தளைக் குழல்களுக்கு நேர் முன்னால் அமர்ந்திருந்த வயோலாக் கலைஞர் ஒருவரின் செவி பாதிக்கப்பட்டது. சராசரி ஒலியளவு 90 டெசிபலைத் தாண்டியிருந்தது. 2018-இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. சுவரில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பதிக்கலாம். பித்தளைக் குழல்களை உயர்ந்த படியில் அமர்த்தி, ஒலி முன்னிருப்பவரின் தலைக்கு மேலே செல்லுமாறு செய்யலாம். கண்ணாடி போன்ற தடுப்பு வைப்பதும் உண்டு; ஆனால் அது முன்னிருப்பவரைக் காத்து, ஊதுபவரின் ஒலியை அவர் செவிக்கே திருப்பிவிடும். சிறந்த வழி பள்ளத்தை அகலப்படுத்தி இருக்கைகளைத் தள்ளிப் போடுவதுதான். அதற்கு முன்வரிசை இருக்கைகள் சிலவற்றைப் பலியிட வேண்டும், பெருந்தொகையும் வேண்டும். முகப்புக் கூடத்துக்கும் புதிய திரைக்கும் கொடையளிப்பவர் பெயர் எல்லார் கண்ணிலும் படும். பள்ளத்துக்குக் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கொடுத்ததைக் காண்பவர்கள் உள்ளே இறங்கி வாசிப்பவர்கள் மட்டுமே.