அடிக்காமல் விட்ட அடி

றொக் இசை என்றதும் வெறும் இரைச்சல் என்று நம்மிற் பலர் ஒதுக்கிவிடுகின்றோம். நானும் நெடுங்காலம் அவ்வாறு ஒதுக்கியவனே. அந்த எண்ணத்தை மாற்றியவர், றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்ளி வாட்ஸ். 2021 ஓகஸ்ட் 24 இல், 80 ஆவது வயதிற் காலமான அவரை இன்று நினைவுகூர்வோம்.

1941 இல் லண்டனிற் பிறந்த வாட்ஸ், ஒரு லொறிச் சாரதியின் மகன். சிறுவயதில் வாங்கிய பான்ஜோ வாத்தியம் கைக்கு வசப்படாது போகவே, அதன் கழுத்தைக் கழற்றிவிட்டு, வட்டமான உடற்பகுதியைப் பறையாக்கிக்கொண்டார். ஜாஸ் இசைத்தட்டுகளே அவருக்குக் குரு. ஓவியம் பயின்ற இவர், 'பறவை' என்று செல்லமாக அழைக்கப்பெற்ற ஜாஸ் மேதை சார்ளி பார்க்கரின் வாழ்வை, ஒரு பறவையின் கதையாகச் சித்திரநூலும் ஆக்கினார்.

1963 இல் றோலிங் ஸ்ரோன்ஸில் இணைந்தபோது, ஜாஸ் அவருடன் கூடவே வந்தது. இடக்கையிற் குச்சியைப் பழைய ஜாஸ் கலைஞர்களைப் போலவே பிடித்தார். பல குழுக்களின் மேடைகளிற் பறைகள் பெருகியபோதும் சிறிய தொகுதியே அவருக்குப் போதுமாயிற்று.

அவரது தனித்துவம் ஒரு சிறு செயலில் உள்ளது. றொக் கலைஞர் பொதுவாக வலக்கையால் இரட்டைத் தாளத் தட்டை இடைவிடாது தட்டுவர். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் இடக்கை பக்கப்பறையில் விழும். வாட்ஸோ இடக்கை விழும் அக்கணத்தில் வலக்கையைத் தூக்கிவிடுவார். தட்டின் ஒலி ஒதுங்க, பறையின் அடி தனித்துத் துலங்கும். அச்சிறு வெற்றிடமே தாளத்துக்கு அசைவைத் தந்தது.

தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளுள் எச்சத்தையும் ஒன்றாக எண்ணினார். சொல்லாது விட்டதும் செய்யுளின் பகுதியே என்பது அதன் கருத்து. மாணவருக்கு இதனை ஆண்டுதோறும் விளக்கிவரும் நான், அதனைச் செவியாற் கேட்டது இரைச்சல் என்று ஒதுக்கிய இசையிலேதான்.

ஏறத்தாழ 58 ஆண்டுகள் பாடகருக்கும் கிற்றார் கலைஞருக்கும் பின்னால் அமர்ந்திருந்தவர் வாட்ஸ். முன்வரிசைக்கு வர முயலாது, பிறர் பாட இடம்விட்டார். வாசிக்கத் தெரிந்தவர் பலர். எங்கே வாசிக்காதிருப்பது என்று தெரிந்தவர் சிலரே. எழுதுகின்ற நமக்கும் இது பொருந்தும்.