அறுவைக்கு முன் மைலோ வேண்டாம்

புலாவ் செபாங்கிலிருந்து விடியற்காலையில் பிள்ளையை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் அம்மாவுக்கு மனம் கேட்காது. ஒரு வாய் மைலோ கொடுத்துவிட்டு மறைப்பதும் உண்டு. ஆபத்து அங்கேதான். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பொதுவாக உணவு, மாவுப்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4, தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். வலிநிவாரணி கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்றாகத் தேறியதை 1987இல் இந்திய மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தின் ஆய்வு காட்டியது.

நம் அரசு மருத்துவமனைகளில் 2008 முதல் நாடித்துடிப்பைப்போல் வலியையும் அளக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் முகப் படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

தெரியாமல் குடித்துவிட்டானா? சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போகும், பிள்ளை பத்திரமாக இருப்பான்.