68 சதவீதமும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும்

ஸ்டாஃப் ரூம் வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவன் நிற்கிறான். வருகைப்பதிவு 68 சதவீதம். "ஏன்டா ஒழுங்கா வரலை? அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. "நடுவுல ரெண்டு வாரம் ஆளையே காணோமே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கதை வெளியே வரும். டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டு பீரோவில் கிடக்கும். அதைக் கொடுக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். 65 முதல் 74 வரை இருந்தால், நோய், விபத்து, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்குச் சான்று காட்டி விலக்குக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்தை அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். அந்த பீரோ சீட்டின் மதிப்பு ஒரு வருடம்.

வகுப்பு ஆலோசகருக்கு இந்த விதிகள் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் மாணவரோடு பேசியதைக் குறித்து வைக்கும் மென்டார் நோட்டு, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முந்தின வாரம் ஒரே பேனாவில் நிரப்பப்படுகிறது. நானும் அப்படி நிரப்பியவன்தான்.

ஆலோசகர் மனநல மருத்துவர் அல்ல. "வாழவே பிடிக்கலை சார்" என்று ஒருவர் சொன்னால் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், தனியே அனுப்பாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ உடன் இருந்தே அழைத்துக் கொடுங்கள்.

மாணவர்களுக்கு: அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. அதை மீறினால், 2023 விதிமுறைப்படி அமைந்த மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 15 வேலை நாளுக்குள் அறிக்கை தருவது முறை. அதிலும் தீராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு உண்டு. ராகிங் என்றால் உதவி எண் 1800-180-5522.

எதையும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.