பாடசாலைக்கு ஒரு பொது அச்சிடம்

இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானைப் பகுதி சிங்கராஜ வனத்தின் அயலில் அமைந்தது. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் அவ்வீரவலயத்தில் தேயிலை செழிக்கும்; கடதாசி கெடும். உறை பிரித்து வைத்த கட்டு ஓரிரவிலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மறுநாள் அதன் தாள்கள் இரண்டிரண்டாக ஒட்டி இயந்திரத்தினுட் புகும். சூடான உருளையிற் சுருண்டு சிக்கும். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இவ்வாறு நேருமாயின், காலையில் வினாத்தாள் இன்றி நிற்பவன் மாணவன்.

பெரிய கல்லூரிகளில் எல்லாப் பிரதிகளையும் ஓரிடத்தில், ஒருவர் பொறுப்பில் எடுக்கும் முறை இதனாலேயே வேண்டப்படுகிறது. ஆயிரம் மாணவர் பயிலும் பாடசாலை ஒன்றைக் கருதுவோம். பாடங்கள் ஒன்பது, வினாத்தாள் ஒவ்வொன்றும் ஆறு பக்கம். ஒருபுறம் மாத்திரம் அச்சிட்டால் 54,000 தாள்கள், அதாவது ஐந்நூறு தாள் கொண்ட கட்டுகள் 108 செலவாகும். இருபுறமும் அச்சிட்டால் 54 கட்டுகள் போதும். கட்டொன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிறையுடையது. இத்தனையும் மலைப்பாதையில் ஏறிவர வேண்டியவை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முன்னாளில் இவ்வேலையைச் செய்தது றோணியோ இயந்திரம். டேவிட் கெஸ்டெட்னர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் பரப்பிய மெழுகுத்தாள் முறையே அதன் அடிப்படை. எழுத்தாணி கீறிய இடத்தில் மெழுகு நீங்கும். அவ்வழியே மை கசிந்து தாளிற் படியும். காரியாலயத்தில் மையின் மணம் எழுந்தால் பரீட்சை அண்மித்துவிட்டது என மாணவர் ஊகித்துக்கொள்வர்.

இன்றைய பல்பிரதி இயந்திரத்திலும் தத்துவம் அதுவே. மெல்லிய மூலத்தாளில் வெப்பத்தால் நுண்துளைகள் இடப்பட்டு, அது மையுருளையிற் சுற்றப்படுகிறது. மூலத்தாளின் செலவு முழுவதும் முதற்பிரதியின் மேல் விழும்; பிரதிகள் பெருகப் பெருகச் செலவு தேயும். லேசர் அச்சுப்பொறியிலோ முதற்பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் ஒரே செலவுதான். ஆகவே இருநூறு மாணவருக்கான வினாத்தாளை லேசரில் எடுப்பதும், உயர்தர வகுப்பின் ஆறு பேருக்காகப் பல்பிரதி இயந்திரத்தை இயக்குவதும் வீண்செலவுகள். இத்தெரிவு பொறுப்பாளருடையது. அவர் பேணும் பதிவேட்டில் கேட்டவர், வகுப்பு, பிரதிகளின் தொகை, பழுதான தாள்கள் ஆகியன இடம்பெற வேண்டும். பழுதான தாள்களைக் கணக்கில் எழுத எவரும் விரும்புவதில்லை. இயந்திரத்தின் நோயை முதலில் அறிவிப்பது அந்தக் கணக்கே. கடதாசியை உறை பிரிக்காது, சீமெந்துத் தரையிற் படாமல் பலகைமேல் அடுக்கி, வேண்டிய கட்டை வேண்டிய பொழுதே பிரிப்பது மழைநாட்டு விதி.

மாணவர் தாமே அச்சிடும் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. அங்கே கட்டளையிட்டுவிட்டு எடுக்க வாராதோரின் தாள்களே குவியும். ஆதலால் பல இடங்களில் மாணவர் இயந்திரத்தருகே வந்து அட்டையைக் காட்டிய பின்னரே தாள் வெளிவருகிறது. ஒவ்வொருவருக்கும் பக்க அளவும் உண்டு. மிகுதிக்குக் கட்டணம் அறவிடப்படும்.

அக்கட்டண முறையைத் தோட்டப் பாடசாலைக்கு அப்படியே கொண்டுவருதல் தகாது. 2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தது. கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய இயலாமையால் 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலையொன்று ஒருகாலத்தில் இரத்தினபுரி மாவட்டத்தின் எம்பிலிப்பிட்டியிலேயே இயங்கியது என்பதை அந்நாட்களில் நினைந்தோர் சிலரே.

பட்டணத்துப் பிள்ளை பாடசாலையிற் கிடைக்காத பிரதியைக் கடையிற் பெறுவான். தோட்டத்துப் பிள்ளைக்குக் கடையும் தொலைவு, காசும் அரிது. அவனுக்குக் கடந்தகால வினாத்தாள்கள் கிட்ட ஒரு வழி உண்டு. பாடத்துக்கு ஐந்து தொகுதிகளை இருபுறமும் அச்சிட்டுத் தடித்த அட்டையிற் கட்டி, நூலகத்தில் வைத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை அவை பொலித்தீன் உறையில் லயங்களுக்குச் செல்லும். விடைகள் அப்பியாசக் கொப்பியில் எழுதப்படும். திங்கட்கிழமை தொகுதி திரும்பி வந்து அடுத்தவன் கைக்குப் போகும்.