ஒரே தோட்டா எல்லாக் குழலுக்கும் பொருந்தாது

2018ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில், 50 மீட்டர் ரைஃபிள் படுத்தநிலைப் பிரிவில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ தங்கம் வென்றார். அந்தப் பிரிவில் 10 புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது!

கை நடுங்காமல் இருந்தால் மட்டும் போதாது. துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற தோட்டாவும் வேண்டும்.

ஏன்? உயர்நிலைப்பள்ளி இயற்பியலே விடை தரும். இந்தச் சிறு ஈயக்குண்டு வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 116 மில்லிமீட்டர் கீழே இழுக்கும். வேகம் 315 ஆகக் குறைந்தால் கூடுதலாக 7 மில்லிமீட்டர் இறங்கும். வட்டத்தின் ஆரமோ 5.2தான்.

ஆனால், சுடும்போது குழல் அதிர்கிறது. மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்தக் கணத்தில் குழலின் முனை மேல்நோக்கி அசைந்துகொண்டிருந்தால், குண்டு இழந்த உயரம் ஓரளவு ஈடாகிவிடும். கீழ்நோக்கி அசைந்தால் பிழை இன்னும் பெருகும். ஒவ்வொரு குழலும் தனக்கே உரிய விதத்தில் அதிர்வதால்தான், நண்பரின் ரைஃபிளில் அசத்தும் தோட்டா நம்முடையதில் சொதப்புகிறது.

.22 தோட்டாவில் மருந்தின் அளவை வீரரே மாற்றியமைப்பதில்லை. தேர்வு செய்ய மட்டுமே முடியும். ஒரே ரகத்திலும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் சற்று வேறுபடும். அதனால் இங்கிலாந்தின் ஈலி, ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா ஆகியவற்றின் சோதனைக் கூடங்களுக்கு வீரர்கள் ரைஃபிளோடு செல்கிறார்கள். அங்கே துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள்.

இங்கே புள்ளியியல் படிப்போர் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. இருபது தொகுதிகளை ஐந்தைந்து குண்டுகளால் சோதித்தால், ஏதோ ஒன்று அதிர்ஷ்டத்தாலேயே பிரமாதமாகத் தெரியும். ஆகவே, முன்னணியில் வந்த சில தொகுதிகளை மட்டும் நாற்பது, ஐம்பது குண்டுகள்வரை மீண்டும் சுட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பிறகு தோளில் வைத்தும் சுட வேண்டும். பிடிப்பான் மனித உடல் அல்லவே!

வென்ற தொகுதியை ஆயிரக்கணக்கில் வாங்கி வைக்கிறார்கள். பணமில்லாத மாணவர் வீரருக்கு இது எட்டாக்கனி. உள்ளூரில் கிடைக்கும் நான்கைந்து தொகுதிகளைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருக்கு வழி. அந்தத் தொகுதி தீர்ந்தால், மறுபடியும் முதலிலிருந்து சோதனை.