முகில் காணும் சிறார்

மலைநாட்டுச் சிறுவனுக்கு வானம் தொலைவிலுள்ள பொருளன்று. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ அமைந்தது கண்டி மாநகர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மோதி ஏறுகையில் ஹந்தானைத் தொடரில் முகில் கவியும்; டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்றோடு நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து முகில் வரும். இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வெயிலிற் சூடேறி எழும் ஈரக்காற்று மேலே குளிர்ந்து திரண்டு, பிற்பகலில் இடியுடன் பொழியும். பாடநூலிலுள்ள பருவக்காற்று வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே வீசுகிறது.

ஆயினும் நாம் செய்வதென்ன? முகில்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்விக்கிறோம். அப்பெயர்கள் பிறந்த வரலாறோ வேறு. இலண்டனில் மருந்து தயாரிப்புத் தொழில் புரிந்த லூக் ஹவார்ட் இளமை தொட்டு வானத்தை நோக்கிவந்தவர். அதன் பின்னரே, 1802ஆம் ஆண்டில், கீற்று, திரள், படை என நாம் இன்று தமிழில் வழங்கும் பாகுபாட்டை அறிவித்தார். நம் முன்னோரும் மலைமேல் தவழ்வதை மஞ்சு என்றும், நீர் கொண்டு வருவதைக் கொண்டல் என்றும் கண்டறிந்தே பெயரிட்டனர். முதலிற் காட்சி, பின்னரே பெயர்.

ஆதலின் முதல் ஒரு மாதம் பெயர்கள் வேண்டா. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், கதிரவனுக்கு முதுகு காட்டிச் சிறார் நிற்கட்டும். வானத்தை எட்டுக் கூறாகப் பாவித்து, எத்தனை கூறு மூடியுள்ளதெனச் சொல்லட்டும். வானிலை அவதானிகள் கொள்ளும் கணக்கும் இதுவே. ஹந்தானை உச்சி தெரிகிறதா? முகில் எத்திசை செல்கிறது? இன்று மழை வருமா? காலையிற் சொன்ன விடையை மறுநாள் ஒப்புநோக்கட்டும். பொய்த்த கணிப்பும் பாடமேயாகும்.

அடுத்து, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைப்போம். அதில் 10 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால், பெய்த மழையும் 10 மில்லிமீற்றர். மழைமானியின் தத்துவம் இவ்வளவே.

இதனை வெறும் விளையாட்டென எண்ணற்க. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து மழை தொடர்ந்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவு வகுத்துள்ளது. 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின் பெருமழையிற் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து பல உயிர்களைக் கொண்டதை நாம் மறத்தல் ஒண்ணாது.

வானொலியில் ‘எழுபத்தைந்து’ என்று கேட்கும் சிறுமிக்கு, அது தன் பாத்திரத்தில் எவ்வளவு உயரம் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வுயரத்தில் இன்றே ஒரு கோடு இட்டு வைப்போமாக.