உதட்டுச் சாயம் வாங்கப் போகிறீர்களா?

கல்யாணப் பெண்ணுக்குப் பட்டுச் சேலை வாங்கியாயிற்று. கண்ணாடி வளையலும் வாங்கியாயிற்று. மிச்சம் இருப்பது என்ன? சிவப்பு உதட்டுச் சாயம்!

புதுச்சேரியில் உள்ள சாரம் பகுதியில் மட்டும் அல்ல. எல்லா ஊர்களிலும் இன்று இது சாதாரணம். முன்பு தாம்பூலம் போட்டு உதட்டைச் சிவக்க வைத்தார்கள். இப்போது "லிப்ஸ்டிக்" வந்துவிட்டது.

ஆனால் ஒன்று. கையில் வைக்கும் மருதாணி வேறு. உதட்டில் பூசும் சாயம் வேறு. சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் சாயம் கொஞ்சம் வயிற்றுக்குள் போகிறது. எனவே பார்த்து வாங்க வேண்டும்.

லட்சுமியின் பெயர்

முன்பு வசதி படைத்தவர்கள் வெளிநாட்டுச் சாயம் வாங்கினார்கள். 1952-ம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார், பிரெஞ்சு நிறுவனங்களின் உதவியோடு இந்தியாவிலேயே அழகுப் பொருள் தயாரிக்கத் தொடங்கினார்கள். "லக்மே" என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

"லக்மே" என்பது 1883-ல் பாரிஸ் நகரில் அரங்கேறிய இசை நாடகத்தின் பெயர். அதன் கதாநாயகி ஓர் இந்தியப் பெண். நம் "லட்சுமி"தான் பிரெஞ்சுக்காரர் வாயில் "லக்மே" ஆயிற்று!

எந்தச் சிவப்பு?

கறுப்பாக இருப்பவர்களுக்குச் சிவப்பு எடுக்காது என்பது தவறு. அரக்குச் சிவப்பும், மாதுளம்பழச் சிவப்பும் அவர்களுக்கு எடுப்பாக இருக்கும். மாநிறத்தவருக்குச் செங்கல் சிவப்பு பொருந்தும். நீலம் கலந்த சிவப்பு பூசினால் பல் வெள்ளையாகத் தெரியும்.

கடையில் நிறம் பார்க்க, விரல் நுனியில் தடவிப் பாருங்கள். பலர் தொட்ட சாயத்தை உதட்டில் வைக்காதீர்கள்.

சீட்டைப் படியுங்கள்

உதட்டுச் சாயத்தில் முக்கியமாக இருப்பவை மெழுகு, எண்ணெய், நிறப் பொருள். ஈயமோ ஆர்செனிக்கோ கலந்த நிறப் பொருளை அழகுப் பொருட்களில் சேர்க்க இந்தியச் சட்டம் தடை விதிக்கிறது. எனவே பெயர் இல்லாத மலிவுச் சாயம் வேண்டாம். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். "கார்மைன்" என்றோ, 75470 என்ற எண்ணோ இருந்தால், அந்தச் சிவப்பு கள்ளிச் செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுத்தது.

பூசும் முறை

முதலில் உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பிறகு நடுவில் தொடங்கி ஓரம் வரை பூசுங்கள். மெல்லிய காகிதத்தை உதடுகளுக்கு நடுவே வைத்து ஒற்றி, மறுபடி ஒருமுறை பூசினால் நெடுநேரம் நிற்கும்.

ஒருவர் சாயத்தை இன்னொருவர் பூசக் கூடாது. உதட்டுக் கொப்புளம் தொற்றும். அக்காள்-தங்கையானாலும் சாயம் தனித்தனிதான்! அரிப்போ எரிச்சலோ வந்தால் உடனே கழுவிவிடுங்கள். வாடை மாறிய பழைய சாயத்தைத் தூக்கி எறியுங்கள்.

இரவு படுக்கும் முன் சாயத்தைத் துடைத்துவிடுங்கள். உதடு நன்றாக இருந்தால்தான் சாயமும் நன்றாக இருக்கும்.